முதுகு காட்டி நிற்கும் சிறுவன்: நாஜி அல் அலியின் கேலிச்சித்திரங்கள் குறித்துச் சில அவதானங்கள்

எமது பிரதேசத்தில் பலஸ்தீனத்துக்காக எந்தக் கூட்டம் நடந்தாலும் மேடைக்குப் பின்னால் கட்டப்படும் பதாகையில் அந்தச் சிறுவனைக் காணலாம். வெறுங்காலும் ஒட்டுப்போட்ட உடுப்பும், முள்ளம்பன்றியின் முட்களைப் போலக் குத்திட்டு நிற்கும் மயிரும், முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளுமாக நிற்பான். 2023 ஒக்ரோபருக்குப் பின்னர் பிள்ளைகளின் கொப்பி அட்டைகளிலும் ஓட்டோக்களின் பின்கண்ணாடிகளிலும்கூட அவனைப் பார்க்கிறேன். அவனுடைய பெயர் ஹன்ழலா என்பது பலருக்குத் தெரியும். அவனை வரைந்தவர் நாஜி அல் அலி என்பது சிலருக்குத் தெரியும். ஆனால் அவன் யாருக்கு முதுகு காட்டுகிறான் என்ற கேள்வியை நாம் கேட்பதேயில்லை. கேட்டிருந்தால் அந்தப் பதாகையை இவ்வளவு இலகுவாக நாம் கட்டியிருக்க மாட்டோம் என்பது எனது எண்ணம். அதை விளக்குவதற்காகவே இக்கட்டுரை.

எம்.ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்பில் பலஸ்தீனக் கவிதைகள் 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த காலத்திலிருந்து மஹ்மூத் தர்வீஷ் நமக்கு ஓர் உள்ளூர்க் கவிஞரைப் போல ஆகிவிட்டார். நமது கவியரங்குகளில் அவருடைய தொனியைப் பலர் கடன் வாங்கியிருக்கிறார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதே காலத்தை, அதே மண்ணை, அதே முகாமைக் கோடுகளால் எழுதிய ஒருவரை இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். கேலிச்சித்திரம் பத்திரிகைக்காரனின் அன்றாடச் சோலி, மறுநாள் பழசாகிவிடும் என்ற நினைப்பு அதற்கு ஒரு காரணம். 2005 செப்டெம்பரில் டென்மார்க்கின் பத்திரிகையொன்று செய்த காரியத்துக்குப் பின்னர் கார்ட்டூன் என்ற சொல்லே நமக்கு வசைச்சொல்லாகிவிட்டது இன்னொரு காரணம். அந்த நாட்களில் நடந்த கண்டனக் கூட்டமொன்றில், முஸ்லிம்களின் மிகச் சிறந்த கலைஞர்களில் ஒருவர் கார்ட்டூன் வரைந்ததற்காகவே கொல்லப்பட்டவர் என்று நான் சொன்னபோது, சபையில் பலர் என்னைச் சந்தேகத்துடன் பார்த்தார்கள்.

நாஜி 1930களின் பிற்பகுதியில் கலீலியிலுள்ள அஷ்ஷஜரா என்ற கிராமத்தில் பிறந்தவர். 1948இன் நக்பாவில் குடும்பத்தோடு துரத்தப்பட்டபோது அவருக்குப் பத்து வயதளவில் இருக்கும். தென் லெபனானில் ஸைதா நகருக்கு அருகிலிருந்த ஐனுல் ஹில்வா அகதி முகாமில் வளர்ந்தார். ஐனுல் ஹில்வா என்றால் இனிய ஊற்று என்று பொருள். தோட்டங்களில் பழம் பறித்தார், இயந்திரத் தொழில் பழகினார், அந்தத் தொழிலோடு சில காலம் சவூதிக்கும் போய்வந்தார். அரசியல் காரணமாகச் சிறை சென்றபோது சிறைச்சுவர்களில் வரைந்தார். சூர் நகரப் பாடசாலையொன்றில் சித்திரம் படிப்பித்தார் என்பதை, ஓர் ஆசிரியன் என்ற வகையில், சற்றுச் சந்தோசத்தோடு இங்கே எழுதுகிறேன்.

முகாமுக்கு வந்த கசான் கனபானி அவருடைய சித்திரங்களைக் கண்டு, 1961இல் ‘அல் ஹுர்ரிய்யா’ சஞ்சிகையில் வெளியிட்டார். ஒரு சிறுகதையாசிரியரின் கண்ணே நாஜியை முதலில் கண்டுபிடித்தது என்பதை, கேலிச்சித்திரத்தை இலக்கியத்துக்கு வெளியே வைப்போரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 1963இல் குவைத் சென்று ‘அத்தலீஆ’ சஞ்சிகையில் சேர்ந்தார். அங்கே எழுதுவதும் வரைவதும் பக்கம் அமைப்பதும் அவர் தலையிலேயே விழுந்தன. சிற்றிதழ் நடத்திய நம்மவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பின்னர் ‘அஸ்ஸியாஸா’வில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 1969 ஜூலையில் ஹன்ழலா பிறந்தான், பிறக்கும்போதே அவனுக்குப் பத்து வயது. ஊர் திரும்பும் நாள்வரை அவன் வளரமாட்டான் என்றும், இயற்கையின் விதிகள் அவனுக்குப் பொருந்தா என்றும் நாஜி சொல்லியிருக்கிறார். 1973இன் யுத்தத்துக்குப் பின்னர் அவன் திரும்பி நின்றான். அதன் பின் கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

இந்தத் திரும்பலில்தான் நாஜியின் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். கேலிச்சித்திரத்தில் மௌனசாட்சியாக ஒருவரை நிறுத்துவது புதுமையல்ல. ஆர்.கே. லக்ஷ்மணின் சாதாரண மனிதன் 1951 முதல் கட்டம் போட்ட கோட்டோடு பேசாமல் நின்றவன்தான். அவனுக்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தின் திகைப்பில் வாசகன் தன்னைக் கண்டு, ஓ, எனக்கும் இப்படித்தான் என்று ஆறுதலடைந்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போகலாம். நமது சிரித்திரன் சுந்தரின் சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் இன்னும் ஒரு படி மேலே போய் நம்மோடு சேர்ந்து சிரிப்பவர்கள். ஹன்ழலா இந்த வசதியைத் தருவதில்லை. அவனுடைய முகபாவம் நமக்குத் தெரியாது. அவன் அழுகிறானா, பல்லைக் கடிக்கிறானா என்று அறிய வழியில்லை. எனவே அவன் பார்ப்பதை நாமும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவன் பார்ப்பது பெரும்பாலும் என்ன என்பதிலேதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

நாஜியின் சித்திரங்களில் இஸ்ரேலியச் சிப்பாயும் முள்வேலியும் நிறைய வருகின்றன. அவற்றுக்குச் சற்றும் குறையாமல் வருபவர்கள் கொழுத்த, கால்களில்லாத, நத்தையின் சதையைப் போலப் பிதுங்கி வழியும் கனவான்கள். இவர்கள் இஸ்ரேலியர்கள் அல்லர். அரபு ஆட்சியாளர்கள், அவர்களின் அடிவருடிகள், எண்ணெய்ப் பணத்தில் புரள்பவர்கள், விடுதலை இயக்கத்தின் பெயரால் பதவியில் அமர்ந்தவர்கள். ஹன்ழலா முதுகைக் காட்டிக்கொண்டு இவர்களைத்தான் பார்த்து நிற்கிறான். பத்திரிகையை விரித்து வைத்திருக்கும் அரபு வாசகனுக்குத்தான் அந்த முதுகு. வெளியிலிருந்து கொண்டுவரப்படும் சமாதானத் திட்டங்களை மறுப்பதற்காகவே அவன் கையைக் கட்டியிருக்கிறான் என்பது நாஜி தந்த விளக்கம். அரபு மக்களின் கண்ணியம் மீளும் நாளில் அவன் முகத்தைக் காணலாம் என்றும் அவர் சொன்னார். அப்படியானால் முகம் மறைக்கப்பட்டிருப்பது எதிரியிடமிருந்தல்ல, நம்மிடமிருந்துதான்.

பெயரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஹன்ழல் என்பது பேய்க்குமட்டிக் காய். கடுங்கசப்பு, வெட்டினாலும் வேரிலிருந்து மீண்டும் தளிர்ப்பது. நாஜி அந்தக் கசப்பை நினைத்தே பெயரிட்டார். ஆனால் நமது வாசகருக்கு இந்தச் சொல் வேறு வாசல்களையும் திறக்கும். குர்ஆன் ஓதாத முனாஃபிக்குக்கு உவமையாக ஹதீஸில் வருவது இந்தக் காய்தான். வாசனையுமில்லை, சுவையும் கசப்பு. உஹதில் ஷஹீதாகி மலக்குகளால் குளிப்பாட்டப்பட்ட ஸஹாபியின் பெயரும் ஹன்ழலா. இன்னொரு ஹன்ழலாவும் இருக்கிறார். நபிகளாரின் எழுத்தர்களில் ஒருவர். சபையில் இருக்கும்போது ஒரு மனநிலையும் வீட்டுக்குப் போனதும் இன்னொரு மனநிலையுமாக இருக்கிறதே என்று பதறி, தான் முனாஃபிக் ஆகிவிட்டதாகத் தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொண்டு அபூபக்கர் (ரழி) முன்னால் நின்றவர். நாஜி இவரை நினைத்துப் பெயரிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் தன் பக்கத்தைத் தானே விசாரிக்கும் ஒரு கலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் நமது மரபில் கிடைப்பது கடினம்.

சில சித்திரங்களைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1982இல் பெய்ரூத் முற்றுகையிடப்பட்டிருந்தபோது நாஜி அங்கேதான், ‘அஸ்ஸபீர்’ பத்திரிகையில் இருந்தார். அந்நாட்களில் வரைந்த ஒன்றில், குண்டு துளைத்த சுவரின் ஓட்டைக்குள் ஓர் இளம்பெண்ணின் முகம் தெரிகிறது. கீழே நிற்கும் ஹன்ழலா அவளுக்கு ஒரு பூவை நீட்டி, பெய்ரூத்துக்குக் காலை வணக்கம் சொல்கிறான். எப்போதும் கட்டியிருக்கும் கை அவிழ்வதனால்தான் அந்தப் பூவுக்கு அவ்வளவு பாரம் வருகிறது. எல்லாச் சித்திரத்திலும் அவன் பூ நீட்டியிருந்தால் அது வாழ்த்து அட்டையாகப் போயிருக்கும். இன்னொன்றில், சிலுவையிலிருக்கும் ஈஸா ஆணியிலிருந்து ஒரு கையைப் பிடுங்கியெடுத்துக் கல்லெறிகிறார். ஈஸா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்பது நமது அகீதா. அதை அறியாதவராக நாஜி இருக்க முடியாது. பெத்லஹேமும் நாஸிராவும் தன் மண் என்பதால், தன் அயல்வீட்டுக் கிறிஸ்தவனின் குறியீட்டைத் தன்னுடையதாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஒரு கலைஞனுக்கு இருக்க வேண்டிய உரிமை இது என்பேன். நண்பர்கள் சிலர் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

உருவம் வரைவது பற்றிய பேச்சும் நம்மிடையே உண்டல்லவா? ஒரு தொகுப்பின் அட்டைக்கு ஹன்ழலாவைப் போடலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, உயிருள்ளதன் உருவம் ஆகுமா என்றார் ஒருவர். முகம்தான் இல்லையே என்றார் மற்றவர். விவாதம் அத்தோடு முடிந்தது. அவனுடைய முகமின்மைக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று நாஜி எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எழுதுபவர்களாகிய நமக்கு நெருக்கமான இரண்டைச் சொல்கிறேன். முதலாவதில், ஜனநாயகம் பற்றி நீ எழுதியிருந்த கட்டுரை நன்றாக இருந்தது, நாளைக்கு என்ன எழுதுகிறாய் என்று ஒருவன் கேட்கிறான். தன் மரணசாசனத்தை எழுதிக்கொண்டிருப்பதாகப் பதில் வருகிறது. மற்றது 1987இல் வெளிவந்தது. இயக்கத் தலைமைக்கு வேண்டிய ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லி, அவரைத் தெரியுமா, கேள்விப்பட்டிருக்கிறாயா என்று ஒருவன் இன்னொருவனிடம் கேட்கிறான். இல்லை, இல்லை என்கிறான் மற்றவன். அப்படியென்றால் எழுத்தாளர், பத்திரிகையாளர் சங்கத்தின் செயலகத்துக்குள் நீ எப்படி வந்தாய், உன் பின்னால் இருப்பது யார் என்பது அடுத்த கேள்வி. பதவியும் பட்டமும் யாருடைய சிபாரிசில் கிடைக்கின்றன என்பதுதான் விஷயம். இதைச் சொல்ல அவர் போர்க்களத்துக்குப் போகவில்லை. ஓர் எழுத்தாளர் சங்கத்துக்குள் போயிருக்கிறார். நம்மூரில் விருதுப் பட்டியல்கள் தயாராகும் விதத்தை அறிந்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சித்திரம் வந்து சில வாரங்களில், 1987 ஜூலை 22 அன்று, லண்டனில் ‘அல் கபஸ்’ பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே நாஜி தலையில் சுடப்பட்டார். 1985இல் குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்து அங்கே வந்தவர். ஐந்து வாரம் நினைவின்றிக் கிடந்து ஓகஸ்ட் 29இல் மௌத்தானார். சந்தேகம் இஸ்ரேலிய உளவுத்துறை மீதும் விழுந்தது, பலஸ்தீன இயக்கத்தின் மீதும் விழுந்தது. கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. 2017இல் லண்டன் பொலிஸார் மீண்டும் பொதுமக்களிடம் தகவல் கேட்டார்கள். யார் சுட்டார்கள் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் சேர்ப்பதற்கு என்னிடம் எதுவுமில்லை. இரு பக்கத்தாரையும் சந்தேகிக்கும்படியாக ஒரு மனிதன் வாழ்ந்திருக்கிறான் என்பதே ஒரு விமர்சகனுக்குப் போதுமான தகவல்.

இவ்விடத்தில் என்னைப் பற்றி இரண்டொரு வரி சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. மன்னார்த் தீவிலிருந்து படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் எங்களதும் ஒன்று. ஆசிரியர் கலாசாலை விடுதியில் ஒரு நிழற்பிரதித் தாளில் ஹன்ழலாவை முதன்முதலாகக் கண்டபோது, இவன் நான்தான் என்று நினைத்தேன். எங்களைத் துரத்தியவர்களைப் பார்த்துத்தான் அவன் நிற்கிறான் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பில் பல கவிதைகள் எழுதினேன். சில இதே போன்ற சஞ்சிகைகளில் வந்தும் இருக்கின்றன. அவற்றில் ஆயுதம் தாங்கியவர்கள் கொடியவர்கள். நாங்கள் எல்லோரும் நல்லவர்கள். உம்மா, வாப்பா, கிணறு, பள்ளிவாசல், பனங்கூடல், எல்லாம் நல்லவை.

முகாமில் பிள்ளையாக நான் கண்டவை வேறும் இருந்தன. நிவாரண அட்டைப் பட்டியலில் இல்லாத ஆட்களின் பெயர் இருந்தது. இருந்த ஒரு விதவையின் பெயர் இல்லாமற் போனது. அந்தப் பட்டியலை எழுதியவர் வேற்று இனத்தவர் அல்லர். பள்ளியில் முதல் ஸஃப்பில் நின்று தொழுதவர். அந்த விதவை என் உம்மாவின் கொட்டிலுக்கு அடுத்த கிடுகுக் கொட்டிலில் இருந்தார். இரவில் எங்கள் அடுப்பிலிருந்து கஞ்சி போகும். பாடசாலையில் எங்களை ‘அகதி’ என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகளும் கலிமாச் சொன்ன பிள்ளைகள்தாம். இவற்றில் ஒன்றையேனும் நான் கவிதையில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று எவரும் சொல்லவுமில்லை. எழுதினால் நம் துயரத்தின் வெண்மை அழுக்காகிவிடும் என்று நானே பயந்தேன். நாஜியின் சித்திரங்களை ஆண்டு வாரியாகப் பார்த்த பிறகுதான், ஹன்ழலா என் கவிதைகளுக்கும் முதுகைத்தான் காட்டுகிறான் என்பது விளங்கியது.

வெளியே எதிரி நிற்கும்போது வீட்டுக் குற்றம் பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இக்கேள்வி நம் எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. அந்த மாதங்களில் நம்மில் பலர் சுயவிமர்சனம் எழுதினோம். இப்போது அவற்றை எடுத்து வாசிக்கும்போது, பெரும்பாலானவற்றின் முகம் வெளியாரை நோக்கியே இருந்தது தெரிகிறது. நாங்கள் நல்லவர்கள் என்று சான்றிதழ் பெறுவதற்காக எழுதிய சுயவிமர்சனம் அது. நாஜி தன் தலைவர்களைக் கேலி செய்தது மேற்கத்தையப் பத்திரிகையொன்றில் பாராட்டுப் பெறுவதற்காக அல்ல. அவர் அரபுப் பத்திரிகையில், அரபியில், முகாமின் ஒழுங்கையிலுள்ளவனும் விளங்கக்கூடிய பேச்சில் எழுதினார். அத்தோடு, ஆக்கிரமிப்பாளனை வரைவதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. இரண்டையும் ஒரே கை செய்தது. அதனால்தான் அவருடைய கேலியை எதிரியால் எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை.

குறைகளும் உண்டு, சொல்லாமல் விட்டால் இது விமர்சனமாகாது. நாஜியின் ஏழை எப்போதும் நல்லவன். மெலிந்த உடம்பும் ஒட்டிய கன்னமுமாக வரும் அந்த மனிதன் பொய் சொல்லமாட்டான், காட்டிக்கொடுக்கமாட்டான். முகாமில் வளர்ந்த நாஜிக்கு அது உண்மையல்ல என்று தெரிந்திருக்கும். பாத்திமா என்ற பெண் பாத்திரம் கழுத்தில் வீட்டுச் சாவியோடு வருகிறாள். தளராதவள், விட்டுக்கொடுக்காதவள், கணவன் சோர்ந்தால் நிமிர்த்துபவள். அவளுக்கு ஒரு நாளாவது களைப்பு வரக்கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. பெண்ணை மண்ணாக்கி, தாயாக்கி, மனுஷியாக விடாமல் வைக்கும் பழக்கம் நமது கவிதைகளில் இருப்பதுபோல அவரிடமும் இருக்கிறது. ஆட்சியாளர்கள் எல்லோரும் ஒரே பிண்டமாக வருவதும் சில வேளை அலுப்புத் தருகிறது. நாட்டுக்கு நாடு கயமையின் நுட்பம் வேறல்லவா? வசனம் நிறைந்த சித்திரங்கள் பேச்சு அரபியின் நக்கலை நம்பி நிற்பதால் மொழிபெயர்ப்பில் பாதி செத்துவிடுகின்றன. வசனமே இல்லாதவைதாம் நம்மிடம் முழுதாக வந்து சேர்கின்றன.

சென்ற வருடம் ஏழாந்தர வகுப்பில் கரும்பலகையில் ஹன்ழலாவை வரைந்து, பிள்ளைகளையும் வரையச் சொன்னேன். இலகுவான உருவம்; எல்லோரும் வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பிள்ளை என்றேன். “மறுபக்கத்தில் முகத்தை வரையவா சேர்?” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரை என்றும் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

ஐனுல் ஹில்வாவில் தன் தந்தையின் கபுறுக்குப் பக்கத்தில் அடக்கப்பட வேண்டும் என்பது நாஜியின் விருப்பம். அது நடக்கவில்லை. லண்டனுக்கு வெளியே புரூக்வுட் மையவாடியில் அடக்கியிருக்கிறார்கள். அவர் இறந்த பின், 1988இல், உலகப் பத்திரிகை வெளியீட்டாளர்களின் அமைப்பு அவருக்குச் சுதந்திரத்தின் பொற்பேனா விருதை வழங்கியது. ‘அஸ்ஸபீர்’ 2016இன் கடைசி நாளோடு நின்றுபோனது. யுத்தம் முடிந்த பிறகு நானும் மன்னாருக்குப் போய் எங்கள் வளவைப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றிப் பற்றைக்காடு மண்டியிருந்தது. அந்த விதவையின் வளவு அடுத்தது. அவர் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். அவருடைய பெயர் பட்டியலிலிருந்து எப்படிப் போனது என்பதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடிந்ததும் இந்தச் சஞ்சிகைக்கே அனுப்புவதாக இருக்கிறேன். ஆசிரியர் குழு போடுமா என்று தெரியவில்லை. பட்டியல் எழுதியவரின் உறவினர்கள் நம் வாசகர்களிலும் இருக்கிறார்கள்.